உணவகமா, திரையரங்கா, கேமராவா? சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான ஒப்பீடு

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம்: நான், கணவர், பதினைந்து வயது மகள், எழுபது வயதைக் கடந்த என் மாமியார். எங்கள் இருவருக்கும் சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு என்பதால் ஓய்வு என்பது ஞாயிறு மட்டுமே. அந்த ஞாயிறுகளிலும் ஒன்று யாராவது வீட்டு விசேஷத்துக்குப் போய்விடும். இன்னொன்று மளிகை, மாவு, துவைத்த துணி என்று வீட்டுக்குள்ளேயே கரைந்துவிடும். மிஞ்சுவது மாதத்திற்கு இரண்டு நாள். ஒரு நாளுக்கு 1500 ரூபாய்க்கு மேல் செலவிடுவதில்லை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். வெளியே போய்ச் சாப்பிடுவதா, படம் பார்ப்பதா, கேமராவை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவதா என்ற பேச்சு வெள்ளிக்கிழமை இரவே தொடங்கிவிடும்.

இரண்டு ஆண்டுகளாக மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறோம். தொடக்கத்தில் நான் செலவை வைத்தே ஒப்பிட்டேன். ஒரு நோட்டில் டிக்கெட், சாப்பாடு, ஆட்டோ என்று தனித்தனியாக எழுதியும் வைத்தேன். ஆனால் நாள் நன்றாகக் கழிந்ததா என்பதற்கும் அந்தத் தொகைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பது ஓர் ஆண்டு கழித்து அந்த நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. யார் உடன் வந்தார், அவருக்கு அன்று என்ன தேவைப்பட்டது என்பதுதான் ஒவ்வொரு முறையும் வேறுபாட்டை உண்டாக்கியிருந்தது. எனவே இந்த ஒப்பீட்டில் விலையையும் நேரத்தையும் சொல்வேன் என்றாலும், முடிவை அவற்றிடம் விடப்போவதில்லை.

திரையரங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில்தான் கணக்கு எளிது. 2017-ஆம் ஆண்டு தமிழக அரசு மல்டிப்ளெக்ஸ் டிக்கெட்டுக்கு 150 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அதன் மேல் ஜிஎஸ்டி, உள்ளாட்சியின் கேளிக்கை வரி, இணையத்தில் பதிவு செய்தால் அதற்கொரு கட்டணம் எல்லாம் சேரும். நாங்கள் நான்கு பேரும் போனால் டிக்கெட்டே 800 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இடைவேளையில் இரண்டு பாப்கார்னும் ஒரு குளிர்பானமும் வாங்கி, வண்டி நிறுத்தும் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது எங்கள் வரம்பு முடிந்திருக்கும். பழைய அரங்குகளுக்குப் போனால் செலவு ஏறக்குறைய பாதியாகும். நான் கல்லூரியில் படித்தபோது முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று பார்த்த படங்கள் உண்டு. கழுத்து வலித்ததே தவிர, மகிழ்ச்சியில் ஒரு குறையும் இருந்ததில்லை.

சென்னையில் அரங்கைத் தேர்ந்தெடுப்பதே தனி முடிவு. 1970-இல் திறந்த தேவி, 1974-இல் திறந்த சத்யம் போன்ற வளாகங்கள் காலத்திற்கேற்ப மாறி இன்றும் நிற்கின்றன. அண்ணா சாலையில் சாந்தி இப்போது இல்லை. அசோக் நகர் உதயமும் 2024-இல் மூடப்பட்டுவிட்டது. நகரின் முதல் நிலையான அரங்குகளில் ஒன்றான, 1913-இல் தொடங்கப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலைப் பிரிவாக இருக்கிறது. அந்தச் சாலை வழியாகப் போகும்போதெல்லாம் மகளுக்கு அதைக் காட்டாமல் விடுவதில்லை. வீட்டுக்கு அருகிலேயே ஒரு பழைய அரங்கு இருந்து, அதில் ஒலி நன்றாக இருந்தால், வணிக வளாகத்தை விட்டு அங்கே போகலாம் என்பது என் கருத்து.

ஒரு புகாரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு வளாகத்தில் நுழைவாயிலில் பையைச் சோதித்த ஊழியர், மாமியார் மாத்திரைக்காகக் கொண்டுவந்த வெந்நீர்க் குடுவையை வெளியே வைத்துவிடச் சொன்னார். உள்ளே குடிநீர் எங்கே என்று கேட்டதற்கு, விற்பனைக்கு இருந்த தண்ணீர் பாட்டிலைத்தான் காட்டினார்கள். வெளி உணவைத் தடுக்க அரங்குகளுக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும் என்பதால் அமைதியாகக் கேட்கிறேன், கிடைக்கிறது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை செலவுக்கும் நெருக்கடிக்கும் பிறகும் திரையரங்கை நான் கைவிடாததற்குக் காரணம் என் மாமியார். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினால் மகளுக்குப் படிக்க முடியாது, குறைத்தால் அத்தைக்கு வசனம் புரியாது; பாதிக் கதையை என்னிடம் கேட்டுக்கேட்டுத்தான் பார்ப்பார். திரையரங்கில் முதல் முறை அவருடன் போனபோது, நகைச்சுவைக் காட்சி ஒன்றில் அரங்கம் சிரித்த அதே நொடியில் அவரும் சிரித்ததைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். முன் இருக்கையின் முதுகைக் கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணி நேரம் யாரும் அவருக்கு எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நான்கைந்து வாரங்களில் ஓடிடியில் வந்துவிடுகின்றன, காத்திருந்தால் பணம் மிச்சம் என்று கணவர் சொல்வது கணக்குப்படி சரிதான். ஆனால் அத்தைக்கு ஓடிடி திரையரங்கின் மாற்று ஆகாது. சித்திரை, வைகாசி வெயிலில் வேறெங்கும் அழைத்துப் போக முடியாத முதியவரைக் குளிர்ந்த இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைக்க இதைவிட நல்ல வழியும் இல்லை. மாடிப்படி இல்லாத, லிஃப்ட் உள்ள அரங்கையும், பகல் காட்சியையும், நடைபாதையை ஒட்டிய இருக்கையையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்தது வெளியே சாப்பிடுவது. மூன்றிலும் குறைந்த திட்டமிடல் போதுமானது இதற்குத்தான். பசியும் அரை மணி நேரப் பயணமும் போதும். ஆனால் எதைச் சாப்பிடப் போகிறோம் என்பதில் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறேன்: பார்சலில் வீட்டுக்கு வந்தாலும் அதே சுவையில் இருக்கக்கூடிய பண்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பதில்லை. பிரியாணியும் பரோட்டா சால்னாவும் பயணத்தைத் தாங்கும். முறுகலான ரோஸ்ட் தாங்காது; மடித்துக் கட்டிய பத்தாவது நிமிடத்தில் தன் ஆவியிலேயே துவண்டுவிடும். சாம்பார் இட்லி அதைவிட மோசம், பொட்டலத்தில் இட்லி எது சாம்பார் எது என்று பிரிக்க முடியாமல் போகும். 1948 முதல் திருவல்லிக்கேணியில் நடந்துவரும் ரத்னா கபேயில் உட்கார்ந்து, தட்டில் இட்லி மூழ்கும்வரை பரிமாறுபவர் சாம்பாரை ஊற்ற, தீர்ந்ததும் மறுபடி வந்து ஊற்ற, கரண்டியால் வெட்டிச் சாப்பிடுவதுதான் அதைச் சாப்பிடும் முறை. காபியும் அப்படித்தான், டபராவில் ஆற்றிக் குடிப்பதை எந்தச் செயலியும் வீட்டு வாசலில் கொண்டுவந்து தராது.

இருவர் டிபன் சாப்பிட்டுக் காபி குடித்தால் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நான்கு பேர் குளிர்சாதன அறையில் முழுச் சாப்பாடு சாப்பிட்டால் 1000 ரூபாய் ஆகலாம். பில்லில் ஜிஎஸ்டி இருப்பது முறையானது. சேவைக் கட்டணம் என்று தனியாக ஏதாவது சேர்க்கப்பட்டிருந்தால் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல். அதை எடுத்துவிடச் சொல்லலாம். பரிமாறியவருக்குக் கையில் கொடுக்கும் பத்து, இருபது ரூபாய் வேறு. அதை நான் ஒருபோதும் குறைப்பதில்லை.

சென்னைக்கு உரிய வாய்ப்புகள் சில உண்டு. பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் கலவையும் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப்பும் தள்ளுவண்டியில் கிடைக்கும். சௌகார்பேட்டையின் மின்ட் தெருவில் வடஇந்தியத் தின்பண்டங்கள். மார்கழியில் சபா கேன்டீன்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்காதவர்களும் பல சபாக்களின் கேன்டீனில் இலை போட்டுச் சாப்பிடலாம் என்பதால், டிசம்பர் மாதத்தில் மட்டும் எங்கள் வீட்டில் இந்த விவாதமே எழுவதில்லை.

ஆனால் வெளியே சாப்பிடுவதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் புகழ்பெற்ற கடை எதற்குப் போனாலும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். அவர்கள் மீது குற்றமில்லை, பசி. ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கும்போது நிதானமாகப் பேசிச் சாப்பிட முடியாது; பேச முடியாவிட்டால் வெளியே வந்ததன் பாதிப் பயன் போய்விடுகிறது. எனவே காலை ஏழரை மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ போவதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. மெஸ்களில் டிபன் சூடாகவும் கூட்டம் குறைவாகவும் இருக்கும் நேரங்கள் அவை. நானும் கணவரும் வாரம் முழுவதும் பேசுவதெல்லாம் பால், பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் என்பதாகவே இருக்கும். கடைசியாக நாங்கள் இருவர் மட்டும் மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் அடையும் அவியலும் சாப்பிட்டபோது, அவர் தம் வேலையை மாற்றிக்கொள்ள நினைப்பதை முதல் முறையாகச் சொன்னார். ஆறு மாதமாக அதை மனத்தில் வைத்திருந்தாராம். வீட்டில் சொல்ல இடமில்லாமல் இருந்த ஒன்றுக்கு இரண்டடி மேசை இடம் கொடுத்தது. அத்தைக்குச் சர்க்கரையும் உப்பும் கட்டுப்பாடு; மகளுக்கோ சாப்பாட்டில் பெரிய நாட்டமில்லை. எனவே இந்த விருப்பம் எங்கள் இருவருக்கானது என்று முடிவு செய்திருக்கிறேன்.

புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மூன்றிலும் மலிவானது இதுதான் என்று பலர் சொல்வார்கள்; பாதிதான் உண்மை. புதிதாகக் கேமராவும் ஒரு லென்ஸும் வாங்க 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எங்கள் வரம்புப்படி அது நாற்பது ஞாயிறுகளின் செலவு. இருபது மாத முழுப் பொழுதுபோக்கையும் ஒரே நாளில் ரிச்சி தெருவிலோ வேறு கடையிலோ கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். ஆகவே கேமரா வாங்குவதிலிருந்து யாரும் தொடங்க வேண்டாம். கையில் இருக்கும் கைபேசியோடு ஆறு மாதம் நடந்து பாருங்கள். அதிகாலையில் எழுந்திருக்க மனம் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு வந்தது. அதன் பிறகுதான் பழைய கேமரா ஒன்றையும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். போக்குவரத்துக்குக் குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயில் பத்து, பதினைந்து ரூபாய். 2021 முதல் நகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கேமரா ஏற்கெனவே இருந்தால், எனக்கும் மகளுக்கும் ஒரு காலைப்பொழுதின் செலவு டிபனோடு 300 ரூபாய்.

பணத்தைவிட வெளிச்சம்தான் இதில் கண்டிப்பான எஜமானர். சென்னையில் சூரியன் ஜூன் மாதத்தில் ஐந்தே முக்கால் மணிக்குள்ளும், ஜனவரியில் ஆறரை மணியை ஒட்டியும் எழும். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம்தான் நிழல் நீண்டு, முகங்கள் மென்மையாகத் தெரியும். எட்டரை மணிக்குமேல் வெயில் தலைக்கு ஏறிக் கண்களுக்கடியில் கருநிழல் விழும். எந்த இடத்துக்கு எந்நேரம் போவது என்பதும் திசையைப் பொறுத்தது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கே குளம் இருக்கிறது. குளத்தின் மேற்குக் கரையில் நின்று விடியலில் எடுத்தால், சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் எழுவதால் கோபுரம் கருமையான வடிவமாகவே விழும். அதே இடத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்றால் சுதைச் சிற்பங்களின் வண்ணம் முழுவதும் மலர்ந்து, தண்ணீரிலும் தெரியும். இதை நான் மூன்று முறை ஏமாந்த பின் கற்றேன். நீங்கள் ஒரு முறைகூட ஏமாற வேண்டியதில்லை. மெரினா கிழக்கே பார்த்த கடற்கரை என்பதால் அங்கே காலையே சிறந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் அதிகாலைக்குரியது, ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். ஏலத்தின் பரபரப்பைத் தேடிப் போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

தடைகளையும் அறிந்து போக வேண்டும். கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்வதைத் தடுக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனவே மயிலாப்பூரில் எங்கள் படமெல்லாம் மாட வீதிகளில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. சாமி பார்க்கப் போனால் சாமியைப் பார்ப்பது, படம் எடுக்கப் போனால் வீதியில் நிற்பது என்று பிரித்துக்கொள்வது மனத்துக்கும் நல்லதாக இருக்கிறது. மாட வீதிகள் வருடம் முழுவதும் படங்களைத் தந்துகொண்டே இருக்கின்றன: மார்கழி விடியலில் கோலங்களும் பஜனையும், பங்குனியில் அறுபத்துமூவர், நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி நெடுகக் கொலு பொம்மைகள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ் பக்கம் வைத்திருக்கும் தடுப்புகள் சில கோணங்களை மறைக்கின்றன. ஆனால் அந்தத் தடுப்புகளும் இந்த ஆண்டுகளின் மயிலாப்பூர்தானே என்று மகள் அவற்றையே எடுக்கிறாள்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணை எதிரே உட்கார வைத்து எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்ற பதில்தான் வரும். பக்கத்தில் நடந்தால் பேசுகிறாள். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயமின்றி நடக்கும்போது, பள்ளியில் யாரோடு சண்டை, எந்தப் பாடம் புரியவில்லை என்பதெல்லாம் தானாக வெளியே வருகிறது. போன தை மாதம் குளக்கரை அருகே கதம்பம் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை அவள் எடுக்க விரும்பினாள். கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஒரே விதி. தயங்கித் தயங்கிப் போய், "பாட்டி, பூக் கட்டற கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "கை மட்டும் எதுக்குடி கண்ணு, மூஞ்சி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் படமாயிற்று: வாழைநாரைப் பல்லில் கடித்தபடி, கட்டைவிரலில் மரிக்கொழுந்தின் பச்சை ஒட்டியிருக்க, கன்னத்தில் பக்கவாட்டு வெளிச்சம். ஒரு தேநீர் விலையில் அதைப் பிரின்ட் போட்டு அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை முந்தானையில் துடைத்துவிட்டுக் காசுப் பெட்டியின் மூடிக்குள் செருகிக்கொண்டார். பிரின்ட் போடாத படங்கள் ஆயிரக்கணக்கில் கைபேசியில் கிடந்து யார் கண்ணிலும் படாமல் அழிகின்றன. மாதம் நான்கு படமாவது காகிதத்தில் வர வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டோம்.

நினைவில் நிற்பது எது என்று கேட்டால், புகைப்பட நாள்களே என்பேன். அதற்காக எல்லோருக்கும் அதையே பரிந்துரைக்க மாட்டேன். முட்டி வலி உள்ளவரையோ, காலையில் எழுந்திருப்பதை வெறுப்பவரையோ இழுத்துக்கொண்டு போனால் அந்த நாள் எல்லோருக்கும் வீணாகும். கணவர் இரண்டு முறை வந்து, நான் ஒரே சுவரின் முன் இருபது நிமிடம் நின்றதைப் பொறுத்துக்கொண்டார், மூன்றாம் முறை அழைக்க எனக்கே மனம் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இது நம்பத்தக்க திட்டமல்ல.

மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடலாம் என்று வணிக வளாகங்கள் அழைக்கின்றன: மேல் தளத்தில் படம், அதற்கு எதிரே உணவகங்கள், கீழே நின்று படமெடுத்துக்கொள்ள அலங்கார வளைவு. இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் 3000 ரூபாயை நெருங்கியது. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய அந்த உள்ளரங்கில் சென்னை என்பதே தென்படவில்லை. அத்தைக்கு நடை அதிகம், எங்களுக்குப் பேச அமைதியில்லை, மகளுக்கு எடுக்கப் படமில்லை. இதை நான் முழுமையாக நிராகரிக்கிறேன்.

ஆனால் இரண்டைச் சேர்க்கலாம். புகைப்படமும் டிபனும் நல்ல இணை, ஏனெனில் வெளிச்சம் முடியும் எட்டு மணியும் மெஸ்களில் பொங்கல் சூடாக இருக்கும் நேரமும் ஒன்றே. திரைப்படமும் இரவுச் சாப்பாடும் சேர்வதில்லை. மாலைக் காட்சி முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் உணவகத்துக்குள் நுழைவதால், படத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இடம் பிடிப்பதில் போய்விடும். பகல் காட்சிக்குப் பின் வீட்டுக்கு வந்து தோசை வார்த்துக்கொண்டே பேசுவது எவ்வளவோ மேல்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு முறை வகுத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஓய்வு ஞாயிறு மகளுடையது. விடியலில் கேமரா, எட்டு மணிக்கு டிபன், பத்தரை மணிக்குள் வீடு. இரண்டாவது ஞாயிறு அத்தையுடையது, அவர் பார்க்க விரும்பும் படம் ஓடினால் பகல் காட்சி. ஓடாவிட்டால் அந்தப் பணம் அடுத்த மாதத்துக்கு நிற்கும், பெயருக்கு ஒரு படம் பார்ப்பதில்லை. எனக்கும் கணவருக்கும் ஞாயிறு கிடையாது, அதற்குப் பதில் மாதத்தில் ஒரு வேலைநாள் மாலையில், அலுவலகம் முடிந்து, கூட்டமில்லாத ஏதாவது ஒரு மெஸ்ஸில் இருவரும் சந்தித்துக்கொள்கிறோம். இப்படிப் பிரித்த பிறகு மாதச் செலவு 3000 ரூபாயிலிருந்து ஏறக்குறைய 2000 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது.

வரும் ஞாயிறு மகளுடையது. முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்துக் கோட்டை நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயிலில் திருமயிலை போவதாகத் திட்டம். மின்கலம் இரண்டையும் சனிக்கிழமை இரவே சார்ஜில் போட வேண்டும். பூக்கடைப் பாட்டி தம் பேத்தியோடு ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், பேத்தி ஏழு மணிக்குத்தான் வருவாளாம்.